நான் சிரித்தால் வெட்டப்படும் பகிடிகள்

ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சுண்டுவிரல் அளவுகூட மிஞ்சாத அந்தப் பென்சில் துண்டு இப்போது என் மேசை லாச்சியில் கிடக்கிறது. சிவப்பு முனைதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் நான். எட்டு வருடமாக ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிவப்புக் கோடு இழுத்தார். ஏன் இழுக்கிறார் என்று அறிய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. காரணம் தெரியாமல் எதையும் விட்டுவிட என்னால் முடியாது. "எல்லாத்துக்குள்ளையும் மூக்கை நீட்டாதை" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா. நான் நீட்டிக்கொண்டேதான் இருந்தேன். இந்தக் கதையின் கடைசித் துண்டு எனக்குக் கிடைத்தது போன மாதம்தான்.

எண்பத்துநான்காம் ஆண்டு சாவகச்சேரியில் ஒரு றோட்டுக் கந்தோரில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அங்கே ஓவசியராக இருந்தவர்தான் நான் சொல்லவந்த ஆள். எந்த வீதியில் குழியும் கிடங்கும் எத்தனை, எந்த மதகு இடிந்திருக்கிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது ஓவசியரின் வேலை. அதைத் தட்டச்சில் அடித்து மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. மெலிந்து உயர்ந்த மனிதர், வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் எப்போதும் மடித்த குடை. கந்தோரில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. இரண்டாம் கிழமை ஒரு கோயில் திருவிழாவுக்குச் சித்தியோடு போனேன். அதே மனிதர் அதே சேட்டோடும் குடையோடும் மேடையில் தனியே நின்று நாற்பது நிமிடம் கதைத்தார். முந்நூறு சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. சித்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உந்த மனுசனோடையோ நீ வேலை செய்யிறாய்?" என்று கேட்டா. ஓம் என்று சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அந்த நாளில் பகிடி என்றால் மேடையில் குறைந்தது இரண்டு பேர் நிற்கவேண்டும், ஒருவருக்கு மை மீசையாவது வேண்டும். இவர் தனி ஆள். வேஷம் இல்லை, பாட்டு இல்லை, அடிபிடி இல்லை. மைக்குக்கு முன்னால் வந்து நின்று, வீதியில் கண்டவரோடு கதைப்பது மாதிரித் தொடங்குவார். குருநகரில் தேவாலயப் பெருநாள், வட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாண வீடு, தென்மராட்சியில் வாசிகசாலை ஆண்டு விழா என்று குடாநாடு முழுக்க அவரைக் கூப்பிட்டார்கள். நோட்டீசில் 'பகிடி ஓவசியர்' என்று பெயர் போடுவார்கள். பிறகு சண்டை வந்து மின்சாரம் போனது. குண்டுபோடும் பொம்மருக்குப் பயந்து விழாக்கள் எல்லாம் பின்னேரம் நாலு மணிக்கு வந்தன. சின்ன ஒலிபெருக்கி ஒன்றைச் சைக்கிள் தைனமோவில் ஓட்டினார்கள். மிதிப்பவர் சிரித்துவிட்டால் கால் நின்றுவிடும், ஓவசியரின் குரலும் செத்துவிடும், சனம் அதற்கும் சிரிக்கும். தார் ஒரு பீப்பாய்கூட வடக்குக்கு வராத அந்தக் காலத்தில் அவர் மேடையில் தன்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "வணக்கம். நான் றோட்டு ஓவசியர். இப்ப றோட்டு இல்லை. கிடங்குகளைத்தான் மேய்ச்சுக்கொண்டு திரியிறன்."

கந்தோரில் பத்து மணிக்குத் தேத்தண்ணீர் வரும். நான் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும், ஓவசியர் தன் நீளக் கொப்பியோடு என் மேசைக்கு முன் கதிரையை இழுத்துப்போட்டு, "பிள்ளை, ஒண்டு சொல்லுறன், கேளும்" என்றார். மாமியார் ஒருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலை ஒளித்துவைக்கும் கதை. கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியில் நீல முனையால் ஒரு சரி போட்டார். அடுத்த நாள் வேறொன்று சொன்னார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணீர் தருவதாக மூன்று மணித்தியாலம் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு வாத்தியாரின் கதை. நான் மேசையில் குப்புற விழுந்து சிரித்தேன். அவர் பென்சிலைத் திருப்பிப் பிடித்து அந்த வரிக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்து போனார். இப்படியே கிழமைக்கு இரண்டு மூன்று தடவை நடந்தது. நான் சிரிக்காதவை மேடைக்குப் போயின, சிரித்தவை செத்தன. எனக்குக் கோபம் வந்தது. என் ரசனை அவ்வளவு மட்டமோ? மேடையில் அவர் சொன்னவற்றுக்குச் சனம் உருண்டு சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே பிடிபடவில்லை.

ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தேன். உப்புச்சப்பில்லாத ஒரு பகிடியை அவர் சொல்லி முடித்ததும் வேண்டுமென்றே பலமாகச் சிரித்தேன். அவர் பென்சிலைத் தொடவேயில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "உது பல்லுச் சிரிப்பு, பிள்ளை. கண்ணிலை ஒண்டும் இல்லை" என்றார். அன்றைக்குத்தான் நேரே கேட்டேன்.

"ஏன் அண்ணை, நான் சிரிக்கிறதை எல்லாம் வெட்டுறியள்?"

"நீர் சிரிச்சால் ஆரோ அம்பிட்டுப்போச்சினம் எண்டு அர்த்தம்" என்றார். "உமக்குப் பகிடிக்குச் சிரிப்பு வாறேல்லை. ஆளைத் தெரிஞ்சால்தான் வரும். அந்த வாத்தியார் ஆரெண்டு உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர்.

"மேடையிலை சொன்னால் ஒவ்வொருத்தரும் தங்கடை தங்கடை ஊரிலை ஒராளை நினைச்சுச் சிரிக்கவேணும். எல்லாரும் ஒரே ஆளை நினைச்சால் அந்தாள் பிறகு எப்பிடிக் கடைக்குப் போறது, எப்பிடிக் கோயிலுக்கு வாறது?" குடாநாடு முழுக்க இரண்டு கல்யாணத் தூரத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். வீதி வீதியாகத் திரிந்து கேட்டதைத்தான் அவர் பகிடியாக்கினார். ஊரை மாற்றுவார், தொழிலை மாற்றுவார், ஆணைப் பெண்ணாக்குவார். போதுமான அளவு மாற்றியாயிற்றா என்று பார்க்க, ஊர்க்கதை எல்லாம் தெரிந்த ஒரு மூக்கு அவருக்குத் தேவைப்பட்டது. என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைக்கும்? அதைப் பாராட்டாக எடுப்பதா, ஏச்சாக எடுப்பதா என்று எனக்கு இன்றைக்கும் முடிவில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் அவர் கொண்டுவந்த பகிடி இது. அண்ணன் தம்பி இரண்டு பேர். காணி எல்லைக்காகப் பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பொம்மர் வரத் தொடங்க, பதுங்குவதற்குப் பங்கர் வெட்டவேண்டும். பனங்குத்திக்கும் மண்மூட்டைக்கும் அலைய ஒரு ஆளால் முடியாது என்பதால் எல்லையின் மேலேயே ஒரு பங்கரை ஆளுக்குப் பாதியாக வெட்டினார்கள். வெட்டி முடித்து, பங்கருக்குள்ளேயே நடுவில் தென்னோலைக் கிடுகால் ஒரு வேலி அடைத்தார்கள். பொம்மர் சுற்றும்போது அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். நேரே கதைப்பதில்லையே, அதனால் அண்ணன் முகட்டைப் பார்த்துச் சொல்லுகிறார்: "சில ஆக்களின்ரை கால் என்ரை காணிக்குள்ளை நிக்குது." தம்பியும் முகட்டைப் பார்த்துச் சொல்லுகிறார்: "குண்டு விழட்டும், பிறகு சேர்வேயரைக் கூப்பிட்டு அளப்பம்."

இதை ஓவசியருக்குச் சொன்னவன் வீதியில் மதகு கட்டிய ஒரு கூலியாள். பெயரோ ஊரோ அவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வளவு. அண்ணன் ஓய்வுபெற்ற ஸ்ரேஷன் மாஸ்டர், தம்பி சுருட்டு வியாபாரி. அந்தக் கிடுகு வேலியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்லவேண்டும். எட்டு வருடத்தில் எனக்குப் பிடித்த ஒரு பகிடிகூட மேடை ஏறவில்லை. இது ஏறட்டும் என்று ஆசைப்பட்டேன். கன்னத்தின் உள்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, தட்டச்சில் தாளைச் செருகினேன். "பறவாயில்லை அண்ணை" என்றேன். அவர் பென்சிலைச் சிவப்பும் நீலமுமாக இரண்டு தடவை திருப்பினார். பிறகு நீலச் சரி ஒன்று போட்டார்.

கரவெட்டியில் ஒரு கோயில் திருவிழா. எங்கள் ஊரிலிருந்து தூரம்தானே என்று நானும் கவலையில்லாமல் போனேன். ஓவசியர் மேடைக்கு வந்த பிறகுதான் ஆண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். ஸ்ரேஷன் மாஸ்டர் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அன்றைய திருவிழா அவருடைய மனைவியின் சொந்தக்காரருடைய உபயம். எழுந்து போய் எப்படி மறிப்பது? முதல் இரண்டு பகிடிக்கும் அவர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். மூன்றாவதாகப் பங்கர் வந்தது. கிடுகு வேலி அடைத்த இடத்தில் சனம் வெடித்துச் சிரித்தது. எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த மூன்று பேர் மட்டும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால் பக்கத்திலிருந்தவர்களும் பார்த்தார்கள். ஓவசியர் மேடையிலிருந்து அந்தத் தலைகள் திரும்புவதைக் கண்டார். கையிலிருந்த குடையை ஊன்றிக்கொண்டார், மிச்சத்தை அவசரமாகச் சொல்லி முடித்து இறங்கினார். ஸ்ரேஷன் மாஸ்டர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

அடுத்த நாள் பத்து மணிக்குத் தேத்தண்ணீர் வருமுன்பே ஓவசியர் வந்து நின்றார். "ஆர் பிள்ளை அந்தாள்?" சொன்னேன். "பங்கர் வேலி உமக்குத் தெரியுமோ?" தெரியாது என்று சொன்னேன். தட்டச்சைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "சரி" என்றார்.

பகிடி எங்கள் ஊருக்கு எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. பொம்மர் சத்தம் கேட்டால் பெடியள் ஸ்ரேஷன் மாஸ்டரின் படலையடியில் நின்று "கால்! கால்!" என்று கத்திவிட்டுத் தங்கள் பங்கருக்கு ஓடினார்கள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பங்கருக்குள் இறங்கவில்லை. எல்லாரும் பதுங்கும்போது அவர் மாமரத்தின் கீழ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிந்திவரும் ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி அழுதும் கேட்கவில்லை. தம்பிக்காரர் பங்கரின் தன் பாதியில் தனியே இருந்து முகட்டைப் பார்த்து, "சில ஆக்களுக்கு உயிரிலை ஆசையில்லை" என்று சொல்லுவாராம். ஆனால் வேலியைப் பிடுங்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ஓவசியர் அவருடைய வீட்டுக்குப் போனார், வழிகாட்ட நானும் போனேன். ஸ்ரேஷன் மாஸ்டர் கதிரை தந்து, தேத்தண்ணீரும் தந்தார்.

"நீர் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறீர்? உள்ளதைத்தானே சொன்னனீர்" என்றார்.

"அப்ப பொம்மர் வந்தால் உள்ளுக்கை இறங்குங்கோ ஐயா."

"இறங்கினால் சனம் சிரிக்கும்."

திரும்பி வரும்போது சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் நின்று, "அந்தாள் இறங்குமட்டும் நான் மேடையிலை ஏறமாட்டன்" என்றார். எல்லாரும் கோபத்தில் சொல்லுவதுதானே என்று நினைத்தேன். அவர் ஏறவேயில்லை. வந்து கேட்ட கோயில்காரருக்குத் தொண்டை சரியில்லை என்றார். கொப்பி லாச்சிக்குள் போய்விட்டது. பொம்மர் வந்துபோன ஒவ்வொரு நாளும் மறுநாட் காலை என்னிடம் ஒரே கேள்வி: "இறங்கினவரோ?" நான் இல்லை என்பேன். மூன்று வருடம். அவர் மேடையில் நின்றால் முந்நூறு பேர் ஒரு பின்னேரமாவது பொம்மரை மறந்திருப்பார்கள், அதைக் கெடுத்தவள் நான் என்று ஒவ்வொரு தடவையும் உறைக்கும். சொல்லிவிட வாயைத் திறப்பேன், சொல்லமாட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் பாலம் கடந்து எங்கள் பக்கம் வந்தது. அடைமழை. விடிந்து பார்த்தபோது ஒவ்வொரு வளவுக்குள்ளும் இருபது, முப்பது குடும்பங்கள். ஸ்ரேஷன் மாஸ்டரின் வளவில் குருநகரைச் சேர்ந்த ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு இருந்தாள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வேண்டும். ஊர் முழுக்க நனைந்து கிடந்ததில் காய்ந்த கிடுகு ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. பங்கருக்குள் இறங்கி வேலியைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். தம்பிக்காரர் ஓடிவந்து, "எங்கடை வேலியை எரிச்சுப்போட்டாள்!" என்று கத்தினார். மறுபக்கத்தால் அண்ணனும், "கேட்டுட்டு எடுத்திருக்கலாம்தானே!" என்றார். பதினாலு வருடத்தில் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அவள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்து, "பங்கருக்குள்ளை என்னத்துக்கு ஐயா வேலி?" என்று கேட்டாள். அவள் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

மறுநாள் முற்பகல் பொம்மர் வந்தது. நான் அவர்கள் வீட்டுக்குப் பழந்துணி கொண்டுபோயிருந்தேன். எல்லாரும் பங்கரடிக்கு ஓட, ஸ்ரேஷன் மாஸ்டர் வழக்கம்போல மாமரத்தடிக்குப் போனார். குருநகர்க்காரி ஓடிவந்தவள், பின்னால் மூத்த பிள்ளையைக் காணாமல், கைக்குழந்தையை அவர் கையில் திணித்து, "ஐயா, பிடியுங்கோ!" என்று திரும்பி ஓடினாள். அவர் குழந்தையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, குழந்தையின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பங்கர்ப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். உள்ளே இருந்து தம்பியின் குரல் கேட்டது: "அண்ணை, இஞ்சாலை வா. இதிலை இடமிருக்கு." யாரும் சிரிக்கவில்லை.

பொம்மர் போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அகதிகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம், மலசலகூடத்துக்குக் கிடங்கு வெட்டுவித்துக்கொண்டு நின்றார் ஓவசியர். "இறங்கிப்போட்டார் அண்ணை!" என்றேன். அவர் சேற்றுக்குள்ளேயே குந்திவிட்டார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அந்த மூச்சிலேயே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது, கன்னத்தைக் கடித்து அடக்கினேன், தெரியாது என்று பொய் சொன்னேன், எல்லாம் என்னால் வந்தது. ஓவசியரின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறின. வாய் திறந்தது. கக்கத்திலிருந்த குடை கீழே விழுந்தது. "அப்பிடியோ!" என்றார். "நான் கனவிலையும் நினைக்கேல்லை பிள்ளை!" பிறகு கொஞ்சம் யோசித்து, "அதுக்குத் தண்டனை, நாளைக்குப் பின்னேரம் நீர் முன் வரிசையிலை இருக்கவேணும்" என்றார்.

அங்கேயே ஒரு பகிடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன். சேட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் நீலமாக ஒரு சரி போட்டுக்கொண்டார். மறுநாள் நாலு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில், மேசை ஒன்றின் மேல் ஏறி நின்று அதையே முதலாவதாகச் சொன்னார்: "வணக்கம். நான் றோட்டு ஓவசியர். நீங்கள் எல்லாரும் என்ரை றோட்டாலைதான் நடந்து வந்தனீங்கள். கிடங்குகளைப் பற்றி முறைப்பாடு இருக்கிற ஆக்கள் வரிசையிலை வாங்கோ." முதலில் பின்னுக்கு எங்கோ ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவ வெகுநேரம் எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த சனம் அது.

அடுத்த வருடம் நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினோம். அவர் வன்னியிலும் பிறகு வவுனியாவிலும் மேடை ஏறினார் என்று அறிந்தேன். இப்போது என் மருமகன் கைப்பேசியில் தமிழ்ப் பகிடிக்காரரைக் காட்டுகிறான். தனியே மைக்கோடு நின்று தங்கள் மனைவியை, மாமியாரை, பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லியே பகிடி பண்ணுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். அந்த மாமியார் அடுத்த நாள் எப்படிக் கடைக்குப் போவா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

ஓவசியர் போன வருடம் காலமானார். போன மாதம் அவருடைய மகள் வந்து, "அப்பா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்" என்று கொப்பியையும் பென்சில் துண்டையும் தந்துவிட்டுப் போனா. அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. 'பங்கர் வேலி' என்ற வரி, அதற்குப் பக்கத்தில் நீலச் சரி. அதன் கீழ் அவருடைய சின்ன எழுத்து: "பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. கன்னத்தைக் கடிச்சு அடக்கிப்போட்டா. எனக்கும் அந்தப் பகிடியை விட மனமில்லை."

இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அவருக்கு அன்றைக்கே தெரியும். பல்லுச் சிரிப்பைக் கண்டுபிடித்தவருக்கு விழுங்கின சிரிப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? இது எனக்கு ஏன் இவ்வளவு காலம் தோன்றவில்லை? கோபம் வந்தது. சேற்றுக்குள் குந்தியிருந்து குடையைக் கீழே போட்டது, "கனவிலையும் நினைக்கேல்லை" என்றது, எல்லாம் நடிப்பு. என் குற்றத்தை நானே சுமக்கட்டும் என்று விட்டாரா, அல்லது மேடைக்குத் திரும்ப அவருக்கே ஒரு சாட்டுத் தேவைப்பட்டதா? யோசித்துக்கொண்டே தாளைத் திருப்பப்போனபோதுதான் ஓரத்தில் வேறு மையில் எழுதியிருந்த இன்னொரு வரியைக் கண்டேன்: "பிள்ளை இண்டைக்குச் சொல்லிப்போட்டா. நானும் சொல்லியிருக்கலாம். வெட்கமாய்க் கிடந்தது."

புருவத்தை ஏற்றிக்கொண்டு அவர் இருந்த நிலை அப்படியே கண்முன் வந்தது. அவரைப் போலவே வெட்கப்பட்டுக்கொண்டு எதிரே நான். தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணீர் வருமட்டும். அவருடைய கணக்கில் நான் சிரித்தால் யாரோ அகப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தடவை அகப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். பென்சிலை எடுத்துச் சிவப்பு முனையைத் திருப்பிப் பிடித்தேன். பிறகு கோடு இழுக்காமல் அதை லாச்சிக்குள் வைத்தேன்.